தம்பி செய்த சல்லடை

"போயும் போயும் அவகிட்டயா போய் உட்கார்ற? அவ என்ன படிச்சிருக்கா, நீ என்ன படிச்சிருக்க?"

அப்பாவின் குரல் கூடத்திலிருந்து வந்தது. சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி பாதி எழுந்துவிட்டான். எதிரே மேடையில் சாய்ந்து நின்ற அக்கா, "உட்காரு" என்றாள். உட்கார்ந்தான். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தாள். அப்பாவுக்குக் கோபம் வரும் நேரங்களில் அந்த வீட்டில் பாத்திரங்கள்கூட அடங்கித்தான் இருக்கும்.

தம்பி இன்ஜினியர். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். இன்ஜினியர் சாப்பிட்டானா, இன்ஜினியர் தூங்கட்டும், இன்ஜினியர் சட்டையைத் தேய்த்தாச்சா. பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. எழுத்துத் தேர்வுகளில் வெளுத்து வாங்குவான். நேர்முகத்தில் எதிரே நாலு பேரை உட்கார வைத்துவிட்டால் போதும், வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். இன்று ஒரு கம்பெனியிலிருந்து திரும்பி வந்தவன் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதிருந்தான். கூடத்தில் இருந்தவருக்கு அது கேட்கவில்லை. சமையலறையில் இருந்த அக்காவுக்குக் கேட்டது.

அக்கா படித்தது வரலாறு. ஆசைப்பட்டுச் சேர்ந்ததல்ல. பள்ளி இறுதியில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை இன்றுவரை அந்த வீட்டில் யாரும் தாண்டவில்லை. ஆனால் ஒரு பிள்ளையைத்தான் இன்ஜினியரிங் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்னார். அந்த ஒரு பிள்ளை யார் என்று யாரும் கேட்கவில்லை. அப்போது தம்பி டவுசர் போட்டுக்கொண்டு பந்து விளையாடிக்கொண்டிருந்தான். மூத்தவளை எந்தத் துறையில் இடம் காலியாக இருந்ததோ அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அப்பாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தன் வயதில் பாதிகூட ஆகாத இன்ஜினியர்கள் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றே பழகிய முதுகு. தன் வீட்டிலும் ஒருவன் வந்தால் நாலு பேர் எழுந்து நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு முதலில் வீட்டுக்குள்ளேயே யாராவது நின்றாக வேண்டுமே. அவர் மகளை நிற்க வைத்தார்.

"உன் கடைசி வருஷப் புராஜெக்ட் என்ன ஆச்சு, சொல்லு" என்றாள் அக்கா, நேர்முகம் நடத்துபவளைப் போல.

"வெற்றிகரமா முடிஞ்சது மேடம்."

"பொய். மோட்டார் புகைஞ்சு போச்சுன்னு வந்து ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தியே?"

"அதையெல்லாமா வெளிய சொல்லுவாங்க?"

"எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க காலையிலேருந்து வெற்றியையே கேட்டுக் காது புளிச்சுப் போயிருப்பாங்கடா. புகை வந்ததை முதல்ல யாரு பார்த்தா?"

"என் கூட்டாளி. சூடாகுதுடான்னு முன்னாடியே சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "உன் வேலையைப் பாருன்னேன்."

"அதைச் சொல்லு. அப்புறம் என்ன கத்துக்கிட்டன்னு சொல்லு. மனப்பாடம் பண்ணாதே. நடந்ததை நடந்த வரிசையில சொல்லு, வாய் தன்னால வரும்."

கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த படிப்பு இதுதான். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால், யார் எங்கே நின்று பார்த்தார்கள், யாருக்கு அதில் ஆதாயம், யார் வாயே திறக்கவில்லை என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்டதையெல்லாம் சேர்த்து, படிப்பவனுக்குக் குழப்பம் இல்லாமல் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தவள் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்தப் படிப்பின் மீது பைத்தியமாகிவிட்டாள். வீட்டில் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் தினமும் சாயங்காலம் சமையலறையில் இந்தக் கேள்வி பதில் நடந்தது. அடுத்த நேர்முகத்தில் தம்பி மோட்டார் புகைந்த கதையைச் சொன்னான். மேனேஜர் சிரித்தார், மேலும் கேட்டார், அவனும் சொன்னான். லிஃப்ட் செய்து கொடுத்துப் பராமரிக்கும் பெரிய கம்பெனி அது. வேலை கிடைத்தது.

"இன்ஜினியர் மூளைடா. எத்தனை நாளைக்கு உறங்கும்?" என்று அப்பா அவன் முதுகில் தட்டினார். அக்கா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டுகளோடு நின்றிருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அக்கா தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். நகல் எடுக்க வருகிறவர்கள் கையில் புகார் மனுவோடு வருவார்கள். எழுதியதை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். "இதுல திட்டினதுதான் இருக்கு, நடந்தது எங்க இருக்கு?" என்பாள். உட்கார வைத்துக் கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதித் தருவாள். அந்த மனுக்களுக்குப் பதில் வந்தது. கடையில் கூட்டம் கூடியது. கடைக்காரர் அவளுக்கு ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்தார். வேறெதுவும் கொடுக்கவில்லை.

அந்தக் கடைக் கணினியில்தான் ஒருநாள் விளம்பரம் கண்ணில் பட்டது. தம்பியின் கம்பெனி. லிஃப்ட் பழுதாகி யாராவது உள்ளே மாட்டிக்கொண்ட கட்டடங்களுக்குப் போய், மாட்டிக்கொண்டவர், காவலாளி, குடியிருப்பவர்கள் எல்லோரிடமும் பேசி, நடந்தது என்ன என்று விசாரித்து எழுத ஓர் ஆள் தேவை. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். அவளுக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. தம்பியிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். அவன் சிபாரிசில் கிடைத்தது என்ற பேச்சு வந்துவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் ஆயுளுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் செய்த வேலையை எல்லாம் எழுதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, டீயைக் கையில் எடுத்தாள். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. அவளுடைய தகுதி இந்தப் பணிக்குப் பொருந்தவில்லையாம்.

இவ்வளவு சீக்கிரத்தில் எந்த மனிதனும் அதைப் படித்திருக்க முடியாது. அவளுக்கு அவமானத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

ஆச்சரியம் அன்று இரவுச் சாப்பாட்டில் தீர்ந்தது. தம்பி நல்ல உற்சாகத்தில் இருந்தான்.

"அப்பா, மேனேஜர் ஒரு பெரிய பொறுப்பு குடுத்திருக்காரு. விண்ணப்பம் மலை மாதிரி குவியுது. எல்லாத்தையும் யாரு படிக்கிறது? கம்ப்யூட்டரே சலிச்சுக் குடுக்கிற மாதிரி நான் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். சல்லடைன்னே வெச்சுக்கோங்க. அனுப்பின வேகத்துல வேண்டாதது வெளிய போயிடும்."

"வேண்டாததுன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"வேற யாரு, இந்த ஆர்ட்ஸ் கும்பல்தான். கதை, கட்டுரை படிச்சவனெல்லாம் லிஃப்ட் கம்பெனிக்குப் போடுறான். இன்ஜினியரிங் இல்லைன்னா முதல் சுத்துலயே அவுட்."

அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். அக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"நானும் போட்டிருந்தேன்."

தம்பியின் கை தட்டிலேயே நின்றது. "எதுக்கு?"

"ஆளுங்ககிட்ட பேசி எழுதுற அந்த வேலைக்கு."

"ஐயோ அக்கா, முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவன் அப்பாவைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டான். "நான் என்ன பண்றது? கம்பெனி விதி. மேல சொன்னாங்க, செஞ்சேன்."

"மேலன்னா யாரு?"

"மேலன்னா மேலதான். உனக்கு ஆபீஸ்ல எப்படின்னு தெரியாது."

"அவன் என்ன தப்பா சொல்லிட்டான்?" என்று அப்பா இடையில் புகுந்தார். "லிஃப்ட்டைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்? ராஜா கதை தெரியும். லிஃப்ட்டுல ராஜாவா மாட்டிக்கிட்டு நிக்கிறாரு?"

தம்பி சிரித்தான். பெரிதாகச் சிரிக்கவில்லை, அப்பாவுக்காகச் சிரித்தான். அது அக்காவைச் சுட்டது. அம்மா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். அந்த வீட்டில் அம்மா சொல்லும் ஆறுதல் எல்லாம் கரண்டியில்தான் வரும்.

சல்லடை தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆள் வேலையில் சேர்ந்தான். முதல் வகுப்பில் தேறிய இன்ஜினியர். இரண்டு வாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றது. ஐந்தாம் மாடியில் இருக்கும் தையல்காரம்மா உள்ளே மாட்டிக்கொண்டாள். இருட்டில் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போய், வெளியே இழுத்து எடுத்தபோது பேச்சே வரவில்லை. அந்தக் கையால்தான் அவள் ஊசி பிடிக்க வேண்டும். மறுநாள் கம்பெனி ஆள் விசாரணைக்குப் போனான். அந்த அம்மாவிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பட்டனை மாத்தி அழுத்தினீங்க?"

கட்டடமே கூடிவிட்டது. "நீங்க உள்ள போங்க சார், நாங்க வெளிய நின்னு கேக்குறோம்" என்று அவனை லிஃப்ட்டுக்குள் தள்ளப் போனார்கள். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். பேசி முடிக்க வேண்டிய விஷயம் வழக்கு வரைக்கும் போகும் நிலைக்கு வந்தது.

மறுநாள் சாயங்காலம் தம்பி சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"அக்கா, உனக்கு வேலை!"

அக்கா திரும்பினாள்.

"மேனேஜர் கத்துறாரு. இதைப் பேசி முடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள்கூட இல்லையான்னு. அன்னைக்கு இன்டர்வியூல மோட்டார் கதையை அவ்வளவு நல்லா சொன்னியே, யாரு பழக்கினதுன்னு கேட்டாரு. எங்க அக்கான்னு சொல்லிட்டேன். உடனே கூப்பிடுன்னுட்டாரு. இன்னைக்கு உன்கிட்ட போன்ல பேசுவாரு."

அக்காவின் முகம் மலர்ந்தது. ஒரே ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

"அந்த வேலைதானே? விளம்பரத்துல இருந்த வேலை?"

"அது இல்ல." தம்பி கையைப் பிசைந்தான். "அதுக்குத்தான் இன்ஜினியரிங் வேணுமே. நீ எனக்கு உதவியாளா வா. கட்டடத்துக்குப் போறது, பேசுறது, எழுதுறது எல்லாம் நீ. கையெழுத்து மட்டும் நான் போட்டுடறேன்."

"சல்லடை?"

"அது இருக்கட்டுமே, உனக்கென்ன? நீதான் உள்ள வந்துட்டியே. அதை எடுத்தா கண்டவனெல்லாம் வந்துடுவான். அப்புறம் எங்க படிப்புக்கு என்ன மதிப்பு?"

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே தெரிந்தது. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாதான் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "கிடைச்சதே பெருசுன்னு ஒத்துக்கச் சொல்லுடா. பின்வாசலோ முன்வாசலோ, உள்ள போனா சரி."

இந்த வாக்கியத்தை எத்தனை வீடுகளில், எத்தனை தெருக்களில், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! உன்னை மட்டும் விடுகிறோம், உன்னைப் போன்றவர்களை விடமாட்டோம், அதற்கு நீ நன்றி சொல்ல வேண்டும். பிறப்பைச் சொல்லி விரட்டுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பட்டத்தைச் சொல்லி விரட்டுகிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் ஒலித்தது. மேனேஜர். அக்காவின் கையெல்லாம் சாப்பாடு. எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி, தம்பி போனை அவள் பக்கம் நீட்டினான். அப்பாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய மனிதர் ஒருவரின் குரல் வீட்டுக்குள் வரப்போகிறது என்ற மரியாதை அது.

"வணக்கம்மா. தம்பி எல்லாம் சொல்லியிருப்பாப்ல. அந்தத் தையல்காரம்மா விஷயம் பெரிய தலைவலியா இருக்கு. நீங்க போய்ப் பேசினா நல்லது. போனா முதல்ல என்ன கேப்பீங்க?"

"முதல்ல ஒண்ணும் கேக்க மாட்டேன் சார். கை எப்படி இருக்குன்னு பார்ப்பேன். அவங்களே சொல்ல ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடி எத்தனை தடவை லிஃப்ட் நின்னுச்சு, யார்கிட்ட சொன்னாங்க, சொன்னப்போ என்ன பதில் வந்துச்சுன்னு காவலாளிகிட்ட தனியா கேப்பேன். எல்லார் முன்னாடியும் கேட்டா அவர் வேலைக்குப் பயந்துக்கிட்டு பேச மாட்டாரு."

"இதைத்தாம்மா நான் ரெண்டு மாசமா இவங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எனக்கு ஒரு சந்தேகம் சார். கேக்கலாமா?"

"கேளுங்க."

"இந்த வேலைக்கு இன்ஜினியரிங் படிச்சவங்கதான் வேணும்கிறது கம்பெனி விதியா?"

தம்பியின் விரல் போனை அணைக்க நகர்ந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். விரல் நின்றது.

"யாரும்மா சொன்னது? எந்தப் பட்டமா இருந்தாலும் சரி, பேசத் தெரியணும், எழுதத் தெரியணும், அதுதான் முக்கியம்னு நான்தானே சொன்னேன். வந்த ஆளுங்க எல்லாம் இன்ஜினியர்களாவே இருக்காங்களேன்னு நானே யோசிச்சேன். ஏன் கேக்குறீங்க?"

"நானும் விண்ணப்பம் போட்டேன் சார். படிக்காமலேயே திரும்பி வந்துடுச்சு."

"திரும்பி வந்துச்சா? யாரு பண்ணினது?"

அப்பா மகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். வேண்டாம், சொல்லாதே. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை பொய் போதும். தெரியாது சார் என்றால் தம்பி தப்பித்துவிடுவான், நாளைக்கு அவள் பின்வாசல் வழியாக உள்ளே போய்விடலாம்.

"தம்பி இங்கதான் இருக்கான் சார். அவன்கிட்டயே கேளுங்க."

தம்பி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"நாளைக்குக் காலையில என்னை வந்து பாருப்பா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனை வைத்தார்.

"கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சுட்டியேடி!" அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "உனக்கு என்ன குறை வெச்சோம்? வாசல் தேடி வந்த வேலையைக் கெடுத்துக்கிட்டு, அவன் பேரையும் கெடுத்துட்டியே!"

"நான் யார் பேரையும் சொல்லலப்பா. மேல சொன்னாங்கன்னு சொன்னான். மேல கேட்டேன்" என்றாள் அக்கா. எழுந்து கை கழுவப் போனாள்.

தம்பியின் வேலை போகவில்லை. இன்ஜினியர்களின் வேலை அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. சல்லடையைக் கழற்றச் சொல்லி, அவனைக் கொஞ்ச நாள் பணிமனையில் போட்டார்கள். தனக்கு வர வேண்டிய பதவி உயர்வு போச்சு என்று அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அப்பா மகளோடு பேசுவதை நிறுத்தினார். விளம்பரம் மறுபடியும் வந்தது, எந்தப் பட்டமானாலும் சரி என்ற சொற்களோடு. பின்வாசலை வேண்டாம் என்றவளுக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அவள் மற்றவர்களைப் போலவே அதே கணினியில் உட்கார்ந்து மறுபடி விண்ணப்பித்தாள். இந்த முறை யாரோ படித்தார்கள். நேர்முகத்துக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது.

அன்று காலை அவள் கிளம்பியபோது கூடத்தில் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தம்பியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளின் பின்னால் அம்மா வந்து நின்றாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். நீ காலேஜ்ல படிச்சியே, அதுக்குப் பேரென்ன?"

பட்டம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த வீட்டில் இதை யாரும் கேட்டதில்லை. "எதுக்கும்மா?"

அம்மா கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்து வீட்டம்மா பொண்ணைக் காலேஜ்ல சேர்க்கப் போறாங்களாம். என்ன சேர்க்கலாம்னு கேக்குறாங்க. எதுல வேணா சேருங்க, இதுல மட்டும் வேண்டாம்னு அப்பா சொல்லச் சொன்னாரு. கூடப் பொறந்தவனையே கேள்வி கேக்கச் சொல்லிக் குடுக்குமாமே? பேரு தெரிஞ்சாத்தானே நான் சொல்ல முடியும்."

அக்கா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வரலாறும்மா" என்றாள். "அந்தப் பொண்ணு காதுலயும் விழற மாதிரி சொல்லு."

படியிறங்கி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.